கூலி: சொல்லும் குறிப்பும்

ஆங்கிலத்துக்குத் தமிழ் வழங்கிய சொற்கள் இவை என ஒரு பட்டியல் தமிழ்ப் பள்ளிகளில் நெடுங்காலமாக ஒப்பிக்கப்பட்டு வருகிறது. கட்டுமரம், சுருட்டு, கறி, மிளகுத்தண்ணீர் என்று தொடங்கும் அப்பட்டியல் பேச்சுப் போட்டி மேடைகளிலும் அறிவிப்புப் பலகைகளிலும் ஆண்டு மலர்களிலும் தவறாது இடம்பெறும். பிறமொழிக்குக் கொடுக்கும் அளவு வளமுடையது தாய்மொழி என்று மாணாக்கர் பெருமிதம் கொள்வதற்கு அது பயன்படுகின்றது. அதிற் குற்றமில்லை. ஆயின் அப்பட்டியலின் நடுவே, மற்றவற்றோடு மற்றொன்றாய், ‘கூலி’, ‘பறையா’ என்னும் இரண்டும் நிற்கின்றன. ஜாசின் வட்டாரத்துத் தோட்டப் பள்ளியிலோ அலோர் காஜா பட்டணத்துப் பள்ளியிலோ பயிலும் ஒரு சிறுவன், சுருட்டையும் மிளகுத்தண்ணீரையும் சொல்லிய அதே மூச்சில், தன் பாட்டனாரை இழித்துரைத்த சொல்லையும் கொடைப்பொருளாக எண்ணிக் கைதட்டல் பெறுகின்றான். இதனை ஆசிரியர் எண்ணிப் பார்க்க வேண்டாவா?

ஒரு சொல்லுக்குப் பொருள் என்பது வேறு, குறிப்பு என்பது வேறு. பொருளை அகராதி சொல்லும். குறிப்பு என்பது சொல்லுபவன் யார், கேட்பவன் யார், எந்த இடத்தில் நின்று சொல்லப்பட்டது என்பவற்றால் ஏறுவது. ‘கூலி’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பழைய அகராதிகள் தரும் பொருள் எளியது: கீழைநாட்டைச் சேர்ந்த, தனித்திறன் வேண்டாத உடலுழைப்பாளன். இன்றைய அகராதிகள் அதனோடு ‘இழிவுதரும் சொல்’ என்றும் ஒரு குறிப்பைச் சேர்த்துவிடுகின்றன. தமிழிலோ அச்சொல் முன்னும் பின்னும் ஓர் ஆளைக் குறித்ததன்று. ஓர் ஆளுக்கு உரியதைக் குறித்தது. வேறுபாடு இங்கே தொடங்குகிறது.

தமிழ்க் ‘கூலி’ செய்த வேலைக்குப் பெறும் பயன். திருக்குறளில் ஆள்வினையுடைமை அதிகாரத்து ஒன்பதாம் குறளில் (619) இச்சொல் ஆளப்பட்டுள்ளது. ஊழ் கைகொடாத போதும், உடல் வருந்த முயன்றவனுக்கு அம்முயற்சி தன் கூலியைத் தந்தே தீரும் என்பது அதன் கருத்து. தெய்வத்தையும் உழைப்பையும் எதிரெதிரே நிறுத்தி, உழைப்பின் பக்கத்தில் வள்ளுவர் வைத்த சொல் இது. இதில் இழிவின் நிழல்கூட இல்லை; மாறாக, மறுக்கவொண்ணாத உரிமையின் சாயல் இருக்கின்றது. பேச்சு வழக்கையும் நோக்குக. வண்டிக்கூலி, சுமைகூலி, தையற்கூலி, நாட்கூலி, குடியிருக்கும் வீட்டுக்குக் கொடுக்கும் குடிக்கூலி, நகைசெய்தற்குப் பொற்கொல்லர் பெறும் செய்கூலி என இச்சொல் எங்கும் கணக்குப் பார்க்கும் சொல்லாகவே நிற்கின்றது. மலாக்கா நகைக்கடையிற் செய்கூலி எவ்வளவு என்று பேரம் பேசும் எந்தத் தாயும் அச்சொல்லைக் கேட்டு முகஞ்சுளிப்பதில்லை. கைக்கூலி, கூலிப்படை, கூலிக்கு மாரடித்தல் என்னும் வழக்குகளில் இழிவு உண்டே எனின், உண்மைதான். ஆயினும் அவ்விழிவு உழைப்பவன்மேல் ஏறுவதன்று. விற்கத் தகாத ஒன்றை — நேர்மையை, கண்ணீரை — விலைக்கு விற்றவன்மேல் ஏறுவது.

பாரதியாரின் ‘கண்ணன் என் சேவகன்’ பாட்டும் கூலி பற்றிய முறையீட்டோடுதான் தொடங்குகிறது. அங்கும் கூலி ஏவலர் கேட்கும் ஊதியமே, ஏவலரின் பெயரன்று.

வேலை செய்பவனைத் தமிழர் எவ்வாறு அழைத்தனர்? கூலியாள், கூலிக்காரன், கூலிக்காரி என்றனர். கூலிக்கு வேலை செய்யும் ஆள் கூலியாள். இத்தொடரில் இரு சொற்கள் உள. ஒன்று அவன் பெறுவது; மற்றொன்று அவன். கடல் கடந்தபோது முன்னது மட்டும் கப்பலேறிப் பின்னது கரையிலேயே நின்றுவிட்டது. ‘ஆள்’ விடுபட்டுக் ‘கூலி’ மட்டும் எஞ்சியது. ஆங்கிலேயன் ‘பத்துக் கூலி அனுப்பு’ என்று எழுதியபோது பத்து நாள் ஊதியத்தையா கேட்டான்? பத்து மனிதரைக் கேட்டான். ஊதியத்தின் பெயரே ஊதியம் பெறுவோனின் பெயராயிற்று.

இஃது ஆகுபெயர்தானே, ஆகுபெயர் தமிழுக்குப் புதிதா என்று இலக்கணம் வல்லார் கேட்பர். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் நூற்பாவிலேயே மக்களை உயர்திணை என்றும் பிறவற்றை அஃறிணை என்றும் பிரித்துவிட்டார். அவரே பின்னர், அடிமை, விருந்து, அரசு, குழவி முதலிய சொற்கள் மக்களைக் குறித்து நின்றும் அஃறிணை முடிபு கொள்ளும் என்றும் விதி வகுத்தார். அரசு வந்தது எனலாம், அதனால் மன்னனுக்கு இழுக்கில்லை. ஆதலின் ‘கூலிகள்’ என்று அஃறிணைப் பன்மை விகுதி பெற்று வருவதால் மட்டுமே அச்சொல் இழிசொல் ஆகிவிடாது. இவ்வாதம் ஒப்புக்கொள்ளத் தக்கதே. இலக்கணம் வழிவிட்டது, இழிவைப் புகுத்தியது இலக்கணமன்று. எனினும் அரசு என்பது ஒருவன் தாங்கிய பொறுப்பால் வந்த பெயர், குழவி என்பது பருவத்தால் வந்த பெயர். கூலி என்பதோ அவனுக்குப் பிறன் கொடுக்கும் விலையால் வந்த பெயர். விலையையே பெயராகச் சூட்டுவது வேறு எங்கே காணப்படுகிறது? சந்தையிற் பொருளுக்குத்தான்.

ஆங்கிலேயர் தம் நாட்டு உழைப்பாளரை மட்டும் உயர்வாக அழைத்தனரோ எனின், அதுவும் இல்லை. அவர்தம் ஆலைத் தொழிலாளரைக் ‘கைகள்’ என்று எழுதிவந்தனர். 1854 இல் வெளிவந்த தம் ‘ஹார்டு டைம்ஸ்’ என்னும் புதினத்தில் சார்லஸ் டிக்கன்ஸ் இவ்வழக்கைக் கடுமையாகக் குத்திக் காட்டினார். ஆனால் அங்கே ‘கை’ என்பது சினையாகுபெயர். உடம்பில் ஓர் உறுப்பாவது மிஞ்சியது. மலாயாவில் அதுவும் மிஞ்சவில்லை.

இச்சொல் உண்மையில் தமிழ்தானா என்பது மற்றொரு வினா. யூல், பர்னல் என்னும் இருவர் தொகுத்து 1886 இல் வெளியிட்ட ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்னும் ஆங்கிலோ இந்தியச் சொற்களஞ்சியம் இதனை விரிவாக ஆராய்கின்றது. (முகர்ரம் ஊர்வலத்தில் எழும் ‘யா ஹசன், யா ஹுசைன்’ என்னும் முழக்கத்தை ஆங்கிலேயர் காது சிதைத்துக் கேட்டதே அந்நூலின் பெயர். பிறர் சொல்லைச் செவிப்புலன் எவ்வளவு திரித்துவிடும் என்பதற்கு நூலின் அட்டையே சான்று.) குசராத்துப் பகுதியில் வாழ்ந்த கோலியர் என்னும் இனத்தார் பெயரே கூலி ஆயிற்று என்பதன்பால் அந்நூலின் சார்பு. தமிழ்ச் சொல்லே மூலம் என்று வில்சன் கொண்டதையும் அது குறிப்பிடத் தவறவில்லை. அடிமையைக் குறிக்கும் துருக்கியச் சொல் ஒன்றும் அங்கே பேசப்படுகிறது. மேலைக் கரையிற் கேட்ட கோலியும் சோழமண்டலக் கரையிற் கேட்ட கூலியும் ஐரோப்பிய வணிகர் நாவில் ஒன்றாகிவிட்டன என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. இனப்பெயரிலிருந்து ‘இன்ன வகை மனிதன்’ என்னும் எண்ணமும், தமிழிலிருந்து ‘நாளுக்கு இவ்வளவு’ என்னும் எண்ணமும் வந்து கூடின. தமிழே தனி மூலம் என்று மார்தட்டுவதற்கு இடமில்லை. அத்தகைய பெருமை வேண்டுவதும் அன்று.

மலாய்மொழியைப் பார்த்தால் இவ்வேறுபாடு இன்னும் தெளிவாகும். கப்பல் ‘காப்பால்’ ஆயிற்று. கடை ‘கெடாய்’ ஆயிற்று. பெட்டி ‘பெத்தி’, கிடங்கு ‘குடாங்’. வணிகன் போடும் முதல் ‘மோடால்’ ஆகி, இன்றும் முதலீட்டைக் குறித்து நாள்தோறும் வழங்குகிறது. இவை கலத்திலே சரக்கு ஏற்றி வந்த தமிழ் வணிகரால் பரவியவை. மலாக்கா அவ்வணிகத்தின் நடுக்களம். 1511 இல் போர்த்துக்கீசியர் நகரைப் பிடித்தபின் பெண்டாகாரா பதவியில் அமர்த்திய நைனா சட்டு ஒரு தமிழ் வணிகர். மலாக்காச் செட்டிகள் எனப்படும் சமூகத்தார் இன்றும் காஜா பெராங் பகுதியில் தம் கோயில்களோடு வாழ்கின்றனர். அந்நாளில் தமிழன் மலாய்க்குத் தந்த சொல் ‘முதல்’. பிற்காலத்தில் சேர்ந்த சொல் ‘கூலி’. ‘மோடால்’ முதலையே குறிக்கிறது, முதலாளியைக் குறிக்கவில்லை. ‘கூலி’யோ மலாயிலும் ஊதியத்தைக் குறிக்கவில்லை; ஊதியத்துக்கு ‘ஊப்பா’ என்னும் சொல் அங்கே உண்டு. கூலி என்றால் மலாயிலும் ஆள்தான். தமிழிலிருந்து நேரே வந்திருந்தால் பொருள் இவ்வளவு மாறியிராது. துரைமார் வாய்வழிச் சுற்றி வந்தது என்பதற்கு இஃது ஒரு சான்றாகலாம். சீனரோ இதே ஒலியை இரண்டு எழுத்துகளால் எழுதினர். முதலெழுத்துக்குத் துன்பம் என்றும் அடுத்ததற்கு வலிமை என்றும் பொருள். ஒலிக்காக எழுதியதுதான், ஆயினும் சொல்லின் வரலாற்றை அவ்விரண்டு எழுத்துகள் எந்த அகராதியினும் நன்றாகச் சொல்லிவிட்டன.

மலாக்காவில் இச்சொல் வேரூன்றியதற்கு ரப்பரே காரணம். 1896 இல் மலாக்காச் சீனர் தான் சாய் யான், புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் மரங்களை நட்டார். மலாயாவில் வணிக நோக்கோடு எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அது. பின்னர் புக்கிட் ஆசகானில் இன்னும் பெரிய அளவில் நட்டார். பினாங்கு, சிங்கப்பூரோடு மலாக்காவும் நீரிணைக் குடியேற்றமாக ஆங்கிலேயர் நேராட்சியில் இருந்தது. தமிழகத்திலிருந்து ஒப்பந்தத்தில் வந்தோர் சஞ்சிக்கூலிகள் எனப்பட்டனர். ஒப்பந்தம் முடியுமுன் தோட்டத்தைவிட்டு நீங்குவது குற்றம். அதற்குத் தண்டனை உண்டு. அம்முறை 1910 இல் ஒழிந்தது. கங்காணி தன் ஊரிலும் சுற்றத்திலும் ஆள் கட்டி வரும் முறை 1938 வரை நீடித்தது. அவ்வாண்டு இந்திய அரசு விதித்த தடையோடு அதுவும் நின்றது. கங்காணி வழி வந்தவர் ஒரு மாத முன்னறிவிப்புத் தந்து விலகலாம் என்பது ஏட்டளவில் இருந்தது. முறை மாறியது, சட்டம் மாறியது. ஆயினும் அலுவலகக் கணக்கேடுகளில் பெயர் மட்டும் மாறவில்லை. லயமும் கூலி லயம், மருந்தும் கூலி மருந்து. நீரிணையின் எதிர்க்கரையாம் சுமத்திராவிலோ ஒல்லாந்தர் 1880 இல் இயற்றிய சட்டத்துக்கே ‘கூலிச் சட்டம்’ என்று பெயர்.

துரைமாருக்குத் தமிழ் கற்பிக்க எழுந்த கைந்நூல்களை ஒரு முறை புரட்டிப் பார்த்தல் தமிழாசிரியருக்குப் பயன்தரும். இலங்கைத் தோட்டங்களுக்கென ஃபெர்குசன் எழுதியது ஒன்று. ‘இங்கே வா, அல்லது சின்னதுரையின் சட்டைப்பைத் தமிழ் வழிகாட்டி’ என்பது அதன் பெயர். வெல்ஸ் என்பார் எழுதிய மற்றொன்றின் பெயரே ‘கூலித் தமிழ்’. ஒரு மொழியைக் கற்கப் புகுவோன் முதலிற் கற்பது வணக்கம் கூறுதல் என்பது எந்நாட்டிலும் உள்ள வழக்கம். இங்கே முதற்பாடம் ‘இங்கே வா’. வாருங்கள் என்பதும் தமிழ்தானே! அவ்விகுதி சின்னதுரையின் சட்டைப்பையிற் கொள்ளாது போலும். ‘கூலித் தமிழ்’ என்னும் தலைப்போ இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. இழிவு மனிதனோடு நில்லாமல் அவன் பேசிய மொழிக்கும் ஏறிவிட்டது. தோட்டத் தமிழ் கொச்சைத் தமிழ் என்று இன்றும் சிலர் கூறக் கேட்கிறோமே, அப்பேச்சின் தோற்றுவாயைத் தேடுவோர் இத்தலைப்பையும் கணக்கிற் சேர்த்துக்கொள்க.

இனி அகராதி சொல்லும் ‘தனித்திறன் வேண்டாத’ என்னும் அடைமொழி. இதனை எழுதியவர் பால்வெட்டும் மரத்தருகே நின்று பார்த்தவராக இருத்தல் இயலாது. பால் ஊறும் குழாய்கள் பட்டையின் உட்புறத்தே மிகுதி. கத்தி ஆழம் போதாவிடில் பால் குறையும். ஆழம் மிகுந்து உட்சவ்வைத் தொட்டால் மரம் காயப்பட்டு முடிச்சு விழும், புதுப்பட்டை ஒழுங்காக வளராது. அச்சவ்வுக்கும் கத்திமுனைக்கும் இடையே விடவேண்டிய பட்டை ஒரு மில்லிமீட்டர் அளவே. பொழுது ஏறினால் பால் ஓட்டம் தளரும் ஆதலின், இதனைச் செய்வது விடியற்காலை அரையிருளில். ஒரு நிரை முடித்து அடுத்த நிரை. மங்கு துடைத்து, ஒட்டுப்பால் எடுத்து, நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மரங்கள். இவ்வேலைக்குத் திறன் வேண்டாவாம்! 1930 களில் இதற்குப் பேசப்பட்ட நாட்கூலி ஆடவருக்கு 50 காசு, பெண்டிருக்கு 40 காசு. திறன் இல்லை என்று பெயரிட்டுவிட்டால் கூலியைக் குறைக்க வேறு காரணம் தேடவேண்டியதில்லை. சொல்லின் குறிப்பு, கணக்கேட்டில் காசாக மாறும் இடம் இதுவே.

தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்தது இதனோடு ஒப்புநோக்கத் தக்கது. 1893 இல் அங்குச் சென்ற காந்தியடிகளைக் ‘கூலி பாரிஸ்டர்’ என்றனர் வெள்ளையர். கூலி வேலை செய்யாதவரும் கூலி, வணிகரும் கூலி, வழக்கறிஞரும் கூலி. வேலையின் பெயராய் இருந்தது இனத்தின் பெயராக விரிந்துவிட்டது. தமிழர் பெயர்களின் ஈற்றில் வரும் ‘சாமி’யையும் அவர்கள் இவ்வாறே வசையாக்கினர். சாமி என்றால் தலைவன் என்று பொருள், என்னைத் தலைவன் என்று அழைக்கிறாயே என்று திருப்பிக் கேட்ட இந்தியரும் இருந்தனர் எனக் காந்தியடிகள் தம் வரலாற்றில் குறித்துள்ளார். அழகிய மறுமொழி. ஆனால் ‘கூலி’க்கு அத்தகைய மறுமொழி எழவில்லை. எழுந்திருக்கலாம்: ‘கூலி என்றால் நீ எனக்குத் தரவேண்டியது, அதை முதலில் தா’ என்று.

பட்டியலில் நிற்கும் மற்றைச் சொல்லைப் பற்றி நீள எழுத வேண்டியதில்லை. பறை என்னும் இசைக்கருவியின் அடியாகப் பிறந்த ஒரு சமூகப் பெயரை ஆங்கிலம் எடுத்து, எல்லாராலும் ஒதுக்கப்பட்டவன் என்று பொருளேற்றித் தெருநாய்க்கும் அடைமொழி ஆக்கியது. அதற்கு இடங்கொடுத்தது தமிழ்நாட்டுச் சாதி முறையே என்பதையும் மறைத்தல் ஆகாது. அப்துல்லா ஹுசைன் எழுதி 1971 இல் வெளிவந்த ‘இண்டர்லோக்’ என்னும் மலாய்ப் புதினம் 2011 இல் ஐந்தாம் படிவப் பாடநூல் ஆனபோது, இச்சொல் அதில் வருவதை எதிர்த்து இந்தியர் குரலெழுப்பினர். அவ்வாண்டு இறுதியில் நூல் பாடத்திட்டத்திலிருந்து விலக்கப்பட்டது. தேர்வுநூலில் வந்தால் எதிர்ப்போம், நம் பள்ளிப் பலகையில் ‘தமிழின் கொடை’ என்று நாமே எழுதுவோம் என்பது பொருந்துமா?

இழிசொல்லை மறுத்து ஒதுக்காமல், அதையே கொடியாக ஏந்துவோரும் உளர். கயானாவின் ராஜ்குமாரி சிங் 1973 இல் ‘நான் கூலி’ என்று தலைப்பிட்டுக் கட்டுரை எழுதினார். மொரீசியசுக் கவிஞர் கால் தொராபுல்லி, ஒப்பந்தத் தொழிலாளர் வழித்தோன்றல்களின் பொதுவுணர்வைக் குறிக்கக் ‘கூலித்துவம்’ என ஒரு சொல்லையே படைத்தார். அவர் நாட்டுத் தலைநகரில் கூலித்துறை எனப்பட்ட குடியேற்ற நிலையம் ஆப்பிரவாசி காட் என்று பெயர் மாறி, 2006 இல் உலக மரபுச் சின்னமாயிற்று. ஆக, ஒரே நாட்டில் ஒருவர் அச்சொல்லை ஏந்துகிறார், மற்றவர் கற்பலகையிலிருந்து அகற்றுகிறார். இந்தியாவிலும் இப்படியே. 2016 இன் இரயில்வே வரவுசெலவுத் திட்டத்தில் நிலையச் சுமைதூக்குவோரை இனிக் ‘கூலி’ என்னாது ‘சகாயக்’ என்று அழைப்பதாக அமைச்சர் அறிவித்தார். 2025 இல் ரஜினிகாந்த் நடித்த ‘கூலி’ அப்பெயரையே பெருமிதமாய்த் தாங்கித் திரைக்கு வந்தது, மலேசியத் தமிழரும் திரண்டு சென்று பார்த்தனர்.

ஏந்துவோரின் துணிவு மதிக்கத் தக்கது. எனினும் அவர்கள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதியவர்கள். அம்மொழிகளில் அச்சொல்லுக்கு ஒரே பொருள்தான் உண்டு. எனவே அதனையே பற்றித் தலைகீழாகத் திருப்ப வேண்டியிருந்தது. தமிழனுக்கு அந்த நெருக்கடி இல்லை. அவன் கையில் சொல்லின் பழைய பொருள் மாசுபடாமல் இருக்கின்றது. அவன் செய்யவேண்டியது வசையைப் பெருமையாக்குதல் அன்று. ஆளையும் கூலியையும் மீண்டும் தனித்தனியே எழுதுதல். வருந்தத் தக்கது யாதெனில், தோட்டத்து மக்கள் வசைக்கு அஞ்சி நல்ல பொருளையும் விட்டுவிட்டனர். மாத இறுதியிற் பெறுவது இன்று எல்லார் வாயிலும் சம்பளந்தான். (சம்பாவும் அளமும் சேர்ந்து சம்பளம் ஆயிற்று என்னும் விளக்கம் சுவையானது, மெய்யா என்பது வேறு ஆராய்ச்சி.) தன் பிழைப்பைக் ‘கூலிவேலை’ என்று ஒருவர் சொல்ல நேர்ந்தால் குரல் தாழ்ந்துவிடுகிறது.

இதில் ஆசிரியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. பழைய ஆங்கில ஆவணத்தில் ‘கூலி’ என்று வரும் இடத்தைத் தமிழில் எவ்வாறு எழுதுவது? அப்படியே ‘கூலிகள்’ என்று எழுதினால் துரையின் குரல் நம் குரலாகிவிடும். எல்லா இடத்தும் ‘தொழிலாளர்’ என்று மாற்றினால் வேறொரு பிழை நேரும். தொழிலாளர் என்பது சங்கம் கண்டு உரிமை கேட்டவர் ஈட்டிய பெயர். 1954 இல் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பெயரிலேயே அது நிற்கிறது. வேலையை விட்டு நீங்கினாற் சிறை என்றிருந்த 1890 களின் சஞ்சி மனிதனுக்கு அதைச் சூட்டினால், அவன் பட்ட துன்பத்தின்மேல் வெள்ளை பூசியதாகும். ஆவணத்தின் சொல்லை எடுத்துக்காட்டும் போது மேற்கோட் குறிக்குள் ‘கூலி’ என்றே இடுக. நூலாசிரியர் தம் கூற்றாகச் சொல்லும் போது சஞ்சியில் வந்தவரை ஒப்பந்த ஆள் என்றும், சங்க காலத்துக்கு — மலாயாச் சங்க காலத்துக்கு — உரியவரைத் தொழிலாளர் என்றும், பொதுவிற் கூலியாள் என்றும் எழுதுக. பாரதியார் பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்திற் பாடுபட்ட பெண்களைப் பாடியபோது, கணக்கேட்டுச் சொல்லைத் தொடாமல் மாதர் என்றே பாடினார் என்பது இவ்விடத்தில் நினைக்கத் தக்கது.

பள்ளிப் பட்டியலைப் பொறுத்தவரை, கட்டுமரமும் சுருட்டும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். ‘கூலி’யை எடுத்துவிட வேண்டுவதில்லை, அதனை ஆகுபெயர்ப் பாடத்துக்கு மாற்றலாம். திருக்குறள் 619 ஐ ஒரு பக்கமும் பழைய தோட்டக் கணக்கேட்டின் ஒரு வரியை மறுபக்கமும் கரும்பலகையில் எழுதி, இரண்டிலும் அச்சொல் எதைக் குறிக்கிறது என்று ஆறாம் ஆண்டு மாணவரைக் கேட்டால் அவர்களே விடை சொல்வர்.